தவிலுக்கு ஒரு கூரை

என் பழைய மாணவர் ஒருவர் திருமலைராயன்பட்டினத்தில் தம் வீட்டு மாடியறையை ஒலிப்பதிவுக்கூடமாக ஆக்கி வைத்திருக்கிறார். கூடம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சுவர்களில் பழைய பஞ்சுமெத்தைகளும் கோரைப்பாய்களும் சாத்தியிருக்கும். நடுவே ஒரு கணினி, அதற்கு இருபுறமும் இரண்டு ஒலிபெருக்கிகள். பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார். பங்குனி வெயிலில் அங்கே ஒரு மணிநேரம் அமர்ந்திருப்பது தவத்தில் சேரும்.

அவர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, புதுசா ஒரு லிமிட்டர் போட்டிருக்கேன். முப்பது நாள் இலவசம். வந்து ஒரு தடவை கேட்டுட்டு சொல்லுங்க." யாப்பருங்கலக்காரிகையும் சேனாவரையமும் நடத்திக்கொண்டிருப்பவனுக்கு இதில் என்ன தெரியும் என்றேன். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அதனாலதான் கூப்பிடுறேன்" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஆகவே நண்பர்கள் இதைத் தொழில் தெரிந்தவனின் மதிப்புரையாகக் கொள்ள வேண்டா. ஒரு கருவியை முதன்முதலாகக் கேட்ட செவி ஒன்றின் வாக்குமூலம், அவ்வளவே.

பதிவு ஒரு நாகசுரக் கச்சேரி. வாசித்தவர் முப்பது வயதைத் தொடாத இளைஞர். தவில் அவருடைய தாய்மாமன். மாமனுக்கு எழுபது தாண்டிவிட்டது. தோள்மூட்டு ஒத்துழைக்க மறுக்கிறது. இந்த மாசிமகத்தோடு தவிலை இறக்கி வைத்துவிடப்போவதாக வீட்டில் முன்பே சொல்லியிருந்தார். ஐம்பதாண்டுக்கு மேலான அவருடைய வாசிப்பு எங்கும் முறையாகப் பதிவாகவில்லை. திருமண வீடியோக்களில் பந்திச் சத்தத்தோடும் பாத்திரச் சத்தத்தோடும் கலந்து கிடப்பதுதான் மிச்சம். அந்தக் குறையைப் போக்கத்தான் மல்லாரி, ஒரு கரகரப்பிரியா, ஒரு தனி ஆவர்த்தனம் என்று நாற்பது நிமிடம் மாடியறையில் பதிவு செய்தார்கள்.

இளைஞருக்கு இதில் வேறொரு தேவையும் உண்டு. முகூர்த்தத்துக்கு மேளம் பேச வருபவர்கள் இப்போது நேரில் வந்து கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடத் துண்டு அனுப்பச் சொல்கிறார்கள். அதைக் கடைத்தெருவில் நின்றபடி, இரண்டு சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில், கைப்பேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். அங்கே இவர்களுடைய பதிவு நோஞ்சானாக ஒலிக்கிறது. "சத்தம் பத்தல சார்" என்பது அவருடைய முறையீடு. வைகாசி முகூர்த்தங்கள் கைநழுவினால் நட்டம் அவருக்கு, எனக்கில்லை. இதை எழுதும்போது அடிக்கடி எனக்கு நானே நினைவூட்டிக்கொள்கிறேன்.

இனி அந்தக் கருவி. ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஃபேப்ஃபில்டர் என்னும் நிறுவனத்தின் புரோ-எல் 2. 2017 டிசம்பரில் வெளிவந்தது. ஒலித்துறையினரிடம் நெடுநாளாகப் புழங்குவதுதான். எங்கள் தெருவுக்கு இப்போது வந்திருக்கிறது. தனி மென்பொருள் அன்று. ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகிக்கொள்வதால் பிளக்-இன் என்கிறார்கள். பாட்டைப் பதிந்து, குரலையும் கருவிகளையும் கலந்து முடித்தபின், வெளியிடுமுன் கடைசியாகச் செய்யும் மெருகுக்கு மாஸ்டரிங் என்று பெயர். நூல் அச்சுக்குப் போகுமுன் பதிப்பாசிரியர் பார்க்கும் இறுதிப் படி போன்றது. லிமிட்டர் அந்த இறுதிப் படியின் கடைசிப் பக்கத்தில் நிற்கிறது.

அதன் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு செய்தி போதும். கணினிப் பதிவில் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அதற்குமேல் ஓர் அணுவளவும் போக முடியாது. போனால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். இப்போது தவிலை எண்ணிப் பாருங்கள். வலந்தலையில் விரற்கூடுகள் விழும் அடி ஒன்று ஓரிரு மில்லிநொடியில் வானத்துக்குப் போய்த் திரும்பிவிடுகிறது. மாணவர் திரையில் காட்டினார்: நாகசுரம் அகன்ற ஆறு போல ஓடிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் தவிலடிகள் பனைமரங்களாக நிற்கின்றன. பனையின் உச்சி கூரையைத் தொட்டுக்கொண்டிருப்பதால் ஆற்றின் மட்டத்தை உயர்த்த வழியில்லை. உயர்த்த வேண்டுமானால் பனைகளைக் குட்டையாக்க வேண்டும். அதைத்தான் லிமிட்டர் செய்கிறது.

செய்யும் விதம் வியக்கத்தக்கது. ஒலியை மிகச் சிறிது தாமதப்படுத்தி வைத்துக்கொண்டு, வரப்போகும் அடியை முன்னதாகவே பார்த்துவிடுகிறது. பெரிய அடி வருகிறதென்றால் அது வந்து சேருமுன் ஒலியளவைக் கீழிறக்குகிறது, கடந்ததும் மேலேற்றிவிடுகிறது. மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் சொல்லும் கண்ணிமைப்பொழுதுக்குள் இக்கருவி பலமுறை இறங்கி ஏறிவிடும். இறங்கி ஏறும் நடைக்கே எட்டு வகைகள் வைத்திருக்கிறார்கள். டிரான்ஸ்பரண்ட், பஞ்சி, அக்ரெசிவ், மாடர்ன் என்று பெயர்கள். மாணவர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். எனக்கு நான்கு ஒன்றுபோலவே கேட்டன என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

பிறகு சோதனை. பெரியவரின் தனி ஆவர்த்தனத்தை முதலில் லிமிட்டர் இல்லாமலும், பின்னர் லிமிட்டரோடு 8 டெசிபல் உயர்த்தியும் ஒலிக்கவிட்டார். "எது ஐயா நல்லாருக்கு?" ஐயத்துக்கே இடமில்லை, இரண்டாவதுதான். நாகசுரம் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. பெரியவர் பத்து வயது குறைந்தவராக வாசித்தார். இதற்கா இவ்வளவு யோசனை, வாங்கிவிடுங்கள் என்றே சொல்லிவிட்டேன்.

மாணவர் சிரித்தார். கருவியின் ஓரத்தில் ஒன்றுக்கு ஒன்று என்று குறித்த ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எவ்வளவு உயர்த்தினோமோ அவ்வளவையும் வெளிவரும்போது குறைத்துவிடும். அழுத்திப்பிடித்த அழுத்தம் அப்படியே இருக்கும். உரப்பு மட்டும் பழைய அளவுக்கு வந்துவிடும். அதை அழுத்தி, மறுபடி இரண்டையும் போட்டார்.

என் தீர்ப்பு கண்ணெதிரே கவிழ்ந்தது. எது லிமிட்டர் பட்டது என்று அவர் சொல்லாமலே தெரிந்தது. அடிகள் எல்லாம் இருந்தன, எதுவும் காணாமற்போகவில்லை. ஆனால் அடிகளின் விளிம்பு போயிருந்தது. கடற்காற்றில் ஈரம் ஏறித் தோல் தளர்ந்த தவிலை வாசிப்பது போலிருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த ஓசை தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் தவில்காரர்கள் படும் பாடு அது. இங்கே பங்குனியில், மூடிய அறையில், ஒரு மென்பொருள் அந்த ஈரத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. சற்றுமுன் நான் "நன்று" என்றது வாசிப்பின் நன்மையை அன்று, உரப்பை. இருபதாண்டுக்கு மேலாகச் செய்யுள் நயம் சொல்லிக்கொடுக்கும் என் செவியை 8 டெசிபல் கொடுத்து வாங்கிவிட முடிந்திருக்கிறது.

இது என் செவியின் குறை மட்டுமன்று என்பது ஆறுதல். ஒரே இசையை இரண்டு அளவில் ஒலிக்கவிட்டால், சற்று உரப்பானதையே மனிதச் செவி சிறந்ததென்று தேர்ந்தெடுக்கும். தட்டு விற்பவர்கள் இதை நெடுநாளாக அறிவார்கள். 1994இல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 என்னும் மென்பொருள் லிமிட்டர் வந்தபின், அந்த அறிவைச் செயலாக்குவது சுட்டியை நகர்த்தும் வேலையாகிவிட்டது. ஒருவன் உயர்த்த, அடுத்தவன் அதைவிட உயர்த்த, உரப்புப் போர் என்று பெயர் சொல்லுமளவுக்குப் போயிற்று. 2008இல் வெளிவந்த மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' தொகுப்பு அதன் உச்சம். கூரையில் முட்டி முட்டி ஒலி நசுங்கியிருந்த அத்தொகுப்பைத் திருத்தித் தரும்படி ரசிகர்களே மனு போட்டார்கள். அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்னும் விளையாட்டில் நசுங்காமல் வந்திருந்தன; தட்டைவிட விளையாட்டுப் பதிப்பு நன்றாயிருக்கிறதென்று தேடிப்போய்க் கேட்டார்கள்.

நமக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. 2024 நவம்பர் 14 அன்று வெளியான 'கங்குவா'வை அரங்கில் பார்த்தவர்கள் கதையைவிடச் சத்தத்தைப் பற்றியே அதிகம் பேசினார்கள். ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளரே அறிவிக்க நேர்ந்தது. ஆஸ்கர் பெற்ற ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி, தம் கலை உரப்புப் போரில் சிக்கிக்கொண்டதே என்று வெளிப்படையாக வருந்தி எழுதினார். அரங்குச் சிக்கலின் கணக்கு சற்று வேறு. படம் உரக்க இருக்கிறதென்று அரங்கில் ஒலியளவைக் குறைத்து வைக்கிறார்கள். குறைத்து வைப்பார்கள் என்று தெரிந்தே அடுத்த படத்தை இன்னும் உரக்கக் கலக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நம்பாமையே இரண்டிடத்திலும் ஒலியை உயர்த்துகிறது. திருமலைராயன் அவையில் அவமதிக்கப்பட்ட காளமேகம் இவ்வூரில் மண்மாரி பொழியப் பாடினான் என்பது கதை. அவன் இன்று வந்தால் மண்ணைத் தேட வேண்டியதில்லை. ஒலிமாரி ஏற்கெனவே பொழிந்துகொண்டிருக்கிறது.

ஒலியளவில் கைவைப்பதே பொய் என்று வாதிடுபவன் அல்லன் நான். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் தோளோடு தோள் நிற்கின்றன. தெருவில் இருவரையும் அருகருகே நிறுத்தினால் குரல் எங்கே கேட்கும்? அந்தச் சமத்துவம் ஒலிப்பதிவாளர் கொடுத்தது. தமிழர்கள் அறுபதாண்டுக்கு மேலாக அதைக் கேட்டு மகிழ்கிறார்கள். லிமிட்டரும் தன்னளவில் குற்றவாளி அன்று. பண்பலை நிலையங்களில் ஒலிபரப்பைக் கூரை இடியாமல் காப்பது அதன் உறவினர்கள்தாம். அளவோடு போட்டால் ஓரிரு முரட்டு அடிகளை மட்டும் தட்டி உட்காரவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

எனக்குள்ள வழக்கு வேறு. எங்கள் ஊர் மாசிமகம் பார்த்தவர்களுக்குச் சொன்னால் விளங்கும். திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எங்கள் கடற்கரைக்கு வருவார். பட்டினச்சேரி மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்று உரிமை கொண்டாடி வரவேற்பார்கள். சிறுவயதில் வீட்டு வாசலில் நின்று அந்த வருகைக்குக் காத்திருப்போம். முதலில் ஒன்றும் கேட்காது. பிறகு தவில், ஓசையாக அன்று, காற்றில் ஓர் அதிர்வாக. "வந்துட்டார்" என்று பாட்டி சொல்வார். எங்களுக்கு இன்னும் கேட்டிருக்காது. பின்னர் காற்று திரும்பும்போது நாகசுரத்தின் ஓரிழை வந்து அறுந்து போகும். மறுபடி வரும். தெருமுனை திரும்பியதும் மொத்தமும் ஒரேயடியாக மேலே விழும். பெருமாள் வந்து சேர்ந்தார் என்பதைக் கண்ணுக்கு முன் காது அறிந்துவிடும்.

உரப்பு என்பது தொலைவின் மொழி. மெல்லக் கேட்பது தூரத்தில் இருக்கிறது. உரக்கக் கேட்பது அருகில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான நடையைத்தான் வருகை என்கிறோம். 8 டெசிபல் லிமிட்டர் போட்ட பதிவில் பெருமாள் தொடக்கத்திலேயே வாசலில் நிற்கிறார். முடிவிலும் வாசலில் நிற்கிறார். அருகே இருப்பவர் அருகே வர முடியாது. பெரியவர் தனி ஆவர்த்தனத்தில் செய்வதும் இதுவே. விரல்நுனியால் ஏறக்குறைய கேளாத அளவில் தொடங்குகிறார். மிச்சமிருக்கும் தோள்வலிமையைச் சேர்த்துவைத்து, கடைசித் தீர்மானத்தில் மூன்று அடி, தெருமுனை திரும்புகிறார். லிமிட்டர் பட்ட பதிவில் அந்த மூன்று அடிகளும் அவற்றுக்கு முந்தைய முப்பது அடிகளோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. தோள் பட்ட வலி மட்டும் பதிவாகவில்லை.

நம் உரையாசிரியர்களுக்கு இது புதிதன்று. 'உண்டான்' என்ற சொல் உண்ணுதலைச் செய்தான் என்று வினைமுற்றாகவும் நிற்கும்; உண்டவன் என்று பெயராகவும் நிற்கும். ஏட்டில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. எடுத்தலோசையால் சொன்னால் வினை, படுத்தலோசையால் சொன்னால் பெயர் என்று வேறுபாடு காட்டுவார்கள். பொருள் எழுத்தில் இல்லை. குரலின் ஏற்றத்தாழ்வில் இருக்கிறது என்று இலக்கணமே ஒப்புக்கொள்ளும் இடம் அது. எல்லாவற்றையும் எடுத்தே சொல்பவன் வாயில் பெயர்ச்சொல் செத்துப்போகும். விடைத்தாள் திருத்துபவர்கள் வேறொரு வடிவில் இதைக் கண்டிருப்பார்கள். சில மாணவர்கள் முக்கியமானவற்றை வண்ணப் பேனாவால் அடிக்கோடிடத் தொடங்கி, ஐயம் வந்து, முழுப் பக்கத்தையும் அடிக்கோடிட்டுவிடுவார்கள். அத்தாளில் அடிக்கோடு எதையும் சுட்டுவதில்லை. பேனாவின் நிறத்தை மட்டும் சொல்கிறது.

கருவியில் இன்னொரு பொத்தான் உண்டு. அதில்தான் நான் நெடுநேரம் தங்கினேன். அதை அழுத்தினால் லிமிட்டர் எதை எடுத்துவிட்டதோ அதை மட்டும் தனியே கேட்கலாம். வெட்டியெறிந்ததைக் காட்டும் தையற்காரரை நான் பார்த்ததில்லை. இந்தக் கருவி காட்டுகிறது. அந்த நேர்மைக்காகவே அதன்மேல் எனக்கு மதிப்பு வந்தது. அழுத்தினார். அறையில் மௌனம். பிறகு டொக். மௌனம். டொக், டொக். நாகசுரம் இல்லை, சுருதி இல்லை, தாளம் இல்லை. பெரியவர் தம் வலக்கையை முழுதாக ஓங்கிய இடங்கள் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, காய்ந்த சுள்ளி ஒடிவது போல. அவருடைய ஐம்பதாண்டில் எது அவருடையதோ அது வெட்டுத்துணிக் கூடையில் கிடந்தது.

சத்தத்தை உயர்த்தி வெளியிடுவதால் இணையத்தில் லாபமும் இல்லை என்று மாணவர் சொன்னார். உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் செவியுணரும் உரப்பை அளக்க ஒரு முறையை வகுத்தது. இன்று பாட்டு ஒலிபரப்பும் தளங்கள் அதைக் கொண்டே எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. ஸ்பாட்டிஃபை அதற்கு வைத்திருக்கும் அளவு கழித்தல் 14. நீங்கள் கழித்தல் 6இல் கொண்டுபோய்க் கொடுத்தால் 8 டெசிபலைக் குறைத்துவிடும். நசுக்கியது நசுக்கியதாகவே இருக்கும். உரப்பு மட்டும் போய்விடும். அதாவது அந்த ஒன்றுக்கு ஒன்று பொத்தானை உலகமே அழுத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் கோப்பாகப் போகும் துண்டுக்கு இந்த நீதி கிடையாது. மேளம் பேச வருபவர்களோ வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள்.

நானும் மாணவரும் ஒரு தீர்வு கண்டோம். முழுப் பதிவுக்கு 2 டெசிபல் அளவில் மட்டும் கூரை. வாட்ஸ்அப் துண்டுக்குக் கரகரப்பிரியா ஆலாபனையிலிருந்து ஒரு நிமிடம் எடுத்து வேண்டுமளவு உயர்த்திக்கொள்வது. அங்கே தவில் ஒலிப்பதில்லை. பனைகள் இல்லாத ஆறு. எவ்வளவு உயர்த்தினாலும் பெரிதாக எதுவும் நசுங்காது. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டு இளைஞருக்கு அனுப்பினோம்.

அவர் மாலையில் அழைத்தார். "சத்தம் இப்ப சரியா இருக்கு சார். ஆனா இதுல மாமா இல்லியே. மாமா இல்லாம நான் எப்படி சார் அனுப்புறது?" என்னிடம் பதில் இல்லை. தவில் இருக்கும் துண்டை உரக்க அனுப்பினால் அதிலும் மாமா இருக்கமாட்டார் என்பதை அவரிடம் தொலைபேசியில் எப்படி விளக்குவது?

பெரியவர் இன்னும் எதையும் கேட்கவில்லை. மாடி ஏறத் தோள் தடையில்லை, முழங்கால்தான் தடை என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கிகளைக் கீழே இறக்கி, அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து, இரண்டையும் ஒரே அளவில் போட்டுக் காட்டப்போகிறோம். வெட்டுத்துணிப் பொத்தானையும் அழுத்திக் காட்டலாமா வேண்டாமா என்பதில் எனக்கும் மாணவருக்கும் ஒத்த கருத்து இல்லை. இலவசக் காலம் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.